1:64 அளவில் ஒரு பாய்மரப் போர்க்கப்பல்: மரம் தேர்வதிலிருந்து கண்ணாடிப் பெட்டி வரை

மரக் கப்பல் மாதிரி ஒன்று பொம்மை போலத் தெரிந்தால், கைத்திறன் போதவில்லை என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. கயிறோ, பலகையோ, ஆணித்தலையோ, பெயின்டோ, ஏதாவது ஒன்று அளவுக்கு மீறித் தடித்திருக்கும். உண்மையான பொருளின் அளவை 64-ஆல் வகுத்தால் வரும் எண் எவ்வளவு சிறியது என்பதைக் கண் நம்ப மறுக்கிறது. அதனால் கை எப்போதும் சற்றுத் தடிமனாகவே எடுக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் இந்த வகுத்தல் கணக்கைச் செய்து பார்த்துவிட்டுப் பொருளை வாங்குங்கள்.

எடுத்துக்கொண்டிருக்கும் கப்பல் எச்.எம்.எஸ். டிரிங்கோமாலி. திருகோணமலையின் பெயர் தாங்கிய இந்த ஃபிரிகேட் (நடுத்தர அளவுள்ள, வேகமான பாய்மரப் போர்க்கப்பல்) பம்பாயில் ஜம்ஷெட்ஜி பொம்மன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் மலபார் தேக்கில் கட்டப்பட்டு, 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறங்கியது. கட்டுமானத்துக்காக அனுப்பிய முதல் வரைபடங்கள், அவற்றை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பலோடு 1812 டிசம்பரில் அழிந்தன. இரண்டாவது பிரதி வந்த பிறகே வேலை தொடங்கியது. அந்தக் கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. மாதிரி கட்டுபவருக்கு இதைவிடப் பெரிய வசதி இல்லை: ஐயம் வந்தால் அசலின் புகைப்படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதிலேயே ஒரு கண்ணியும் இருக்கிறது.

எந்த ஆண்டின் கப்பல்?

1845-இல் தொடங்கிய மாற்றத்தில் இந்தக் கப்பலின் பின்புறம் மாற்றிக் கட்டப்பட்டது. பீரங்கிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. ஆகவே இன்றைய புகைப்படங்களில் தெரிவது 1817-இன் கப்பல் அல்ல. 1817 நிலையைக் கட்டுவதென்றால், இந்தக் கப்பல் சேர்ந்த லீடா வகை ஃபிரிகேட்டுகளின் பழைய கடற்படை வரைபடங்களைப் பின்பற்ற வேண்டும். கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் அவற்றின் பிரதி கிடைக்கும். முகப்பு ஒரு காலம், பின்புறம் இன்னொரு காலம் என்று கலந்து கட்டினால், விஷயம் தெரிந்தவர் கண்ணில் அதுதான் முதலில் படும். ஒன்றைத் தீர்மானித்துப் பிளானின் மூலையில் எழுதி வையுங்கள்.

பீரங்கித் தளத்தின் நீளம் 45.8 மீட்டர், அகலம் ஏறக்குறைய 12.2 மீட்டர். 1:64-இல் இது 716 மி.மீ. நீளம், 190 மி.மீ. அகலம். முன்னால் நீளும் கம்பத்தையும் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டும். வீட்டில் அவ்வளவு இடமில்லை என்றால் 1:96 எடுங்கள். உடல் 477 மி.மீ. ஆகிவிடும். அதற்கும் கீழே போனால் கயிறுகள் தலைமயிர் அளவுக்கு இறங்கிவிடும். முதல் கப்பலுக்கு அது வேண்டாம்.

மரம்: அசல் தேக்கு, மாதிரிக்குத் தேக்கு ஆகாது

அசல் தேக்கு என்பதால் மாதிரியையும் தேக்கில் செய்ய ஆசை வரும். தேக்கின் ரேகையும் துளைகளும் 1:64-இல் பூதாகரமாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் ஒரு துளை அசலில் விரல் நுழையும் பொந்துக்குச் சமம். அதோடு தேக்கின் எண்ணெய்ப் பசையால் ஒட்டும் பசையும் சரியாகப் பிடிப்பதில்லை. தேவைப்படுவது ரேகை தெரியாத, நெருக்கமான மரம். வெளிநாட்டில் பேரி, பாக்ஸ்வுட், மேப்பிள் மரங்களைப் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கத்தில் மஞ்சக்கடம்பும் வெட்பாலையும் அந்த வேலையைச் செய்யும். சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகள் செய்யப்படுவது வெட்பாலையில்தான். வெளிர் நிறம், மென்மையான இழை, உளி போன திசையில் பிசிறில்லாமல் வெட்டுப்படும்.

கைக்கு வேண்டியவை: முதுகெலும்புக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் 5 மி.மீ. பிர்ச் பிளைவுட், முதல் அடுக்குக்கு 1.5 × 5 மி.மீ. பாஸ்வுட் பட்டைகள், இரண்டாம் அடுக்குக்கு 0.5 × 4 மி.மீ. பட்டைகள், தளத்துக்கு 0.8 மி.மீ. பிளைவுட், முகப்பில் நிரப்ப பால்சா கட்டை. எந்தப் பட்டையையும் கணக்கைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். உடைவது ஒரு பக்கம். வாங்கிய கட்டுக்குள்ளேயே சில பட்டைகளில் ரேகை குறுக்கே ஓடி, வளைத்தால் படக்கென்று ஒடியும்.

எலும்புக்கூடு

முதுகெலும்புப் பலகையைச் சமதளக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒரு மி.மீ. வெளிச்சம் தெரிந்தாலும் அந்தப் பலகை வேண்டாம். பின்னால் எந்தப் பலகையும் அந்தக் கோணலை நிமிர்த்தாது. அதை ஒரு கட்டுமானப் பலகையில் இரண்டு எல் கோணங்களுக்கு நடுவே நிறுத்தி, குறுக்குச் சட்டங்களை மூலைமட்டம் பிடித்து ஒவ்வொன்றாக வெள்ளைப் பசையில் ஒட்டுங்கள். சட்டம் காடியில் இறுக்கமாக நுழைந்தால் காடியை அராவுங்கள். தட்டி இறக்கினால் முதுகெலும்பு வில்லாக வளைந்துவிடும்.

அடுத்து வருவது பலரும் அவசரப்படும் இடம். சட்டங்களின் ஓரத்தைக் கப்பலின் வளைவுக்கு ஏற்பச் சாய்வாகச் சீவ வேண்டும். முன்பாதிச் சட்டங்களில் முன் ஓரத்தை மட்டும் சீவுங்கள், பின்பாதிச் சட்டங்களில் பின் ஓரத்தை மட்டும். எதிர் ஓரம் பிளானின் கோடு. அதில் உப்புத்தாள் பட்டால் கப்பலின் வடிவமே மாறிவிடும். 1.5 மி.மீ. பட்டை ஒன்றை எடுத்து நான்கைந்து சட்டங்களின் மேல் படுக்கவைத்துப் பாருங்கள். எல்லாச் சட்டத்திலும் முழு ஓரமும் பட்டையைத் தொட வேண்டும். ஒரு சட்டம் மட்டும் பட்டையைத் தூக்கினால் அதைச் சீவுங்கள். ஒன்று மட்டும் பட்டையைத் தொடவில்லை என்றால் அதன் ஓரத்தில் மெல்லிய மரச்சீவல் ஒட்டி நிரப்புங்கள். இதைக் கப்பலின் இரண்டு பக்கமும் மேல், நடு, கீழ் மூன்று உயரங்களில் செய்தாக வேண்டும். சில மாலை நேரங்கள் பிடிக்கும் சலிப்பான வேலை. ஆனால் இங்கே விட்ட மேடு பள்ளம் பெயின்ட் அடித்த பிறகு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, பசித்த மாட்டின் விலாவாகத் தெரியும்.

முகப்பில் முதல் இரண்டு சட்டங்களுக்கு நடுவே பால்சாக் கட்டையை ஒட்டிச் செதுக்கிவிடுங்கள். அங்கே பலகை மிகக் கூர்மையாக வளைகிறது. கட்டை இல்லாவிட்டால் பட்டைக்குப் பிடிமானம் இருக்காது.

பலகை அடிப்பது: வகுத்தல் கணக்கு

எல்லாப் பட்டையையும் முழு அகலத்தில் அடுக்கிக்கொண்டு போனால் முகப்பை அடையும்போது பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கப்பலின் உடல் நடுவில் பருத்து முனையில் சிறுக்கிறது, பட்டையின் எண்ணிக்கையோ மாறுவதில்லை. அதனால் பட்டையின் அகலம்தான் மாற வேண்டும்.

பக்கவாட்டில் தடிப்பாக ஓடும் இடுப்புப் பலகையின் கீழ் விளிம்பிலிருந்து அடிக்கட்டை வரை, ஒவ்வொரு சட்டத்தின் மேலும் காகித நாடா வைத்து வளைவு நீளத்தை அளந்து எழுதுங்கள். உதாரணமாக நடுச்சட்டத்தில் 120 மி.மீ. வந்தால், 5 மி.மீ. பட்டைகள் 24 வேண்டும். முகப்புச் சட்டத்தில் 66 மி.மீ. என்றால் 66-ஐ 24-ஆல் வகுக்க 2.75 மி.மீ. ஒவ்வொரு பட்டையும் நடுவில் 5 மி.மீ. இருந்து முகப்பில் 2.75 மி.மீ. ஆகச் சிறுக்க வேண்டும் என்பது இதன் பொருள். பட்டை பாதி அகலத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் நுனியில் ஆணி பிளக்கும், பார்வைக்கும் ஊசியாகத் தெரியும். கணக்கு பாதிக்குக் கீழே வந்தால் அந்த இடத்தில் இரண்டு வரிசைகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். பின்புறத்தில் நேர்மாறாக நடக்கும்: அங்கே 132 மி.மீ. வந்தால் பட்டைக்கு 5.5 மி.மீ. தேவை, பட்டையோ 5 மி.மீ.தான். மீதி இடைவெளியைச் சிறு ஆப்புப் பட்டைகள் இடையில் நுழைத்து நிரப்ப வேண்டும்.

வளைக்கும் முறை இது: பட்டையின் முன் மூன்றில் ஒரு பங்கை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, சூடான சால்டரிங் இரும்பின் தண்டில் மெல்ல உருட்டி வளையுங்கள். கப்பலின் மேலேயே துணிக் கிளிப்பால் பிடித்து இரவு முழுக்கக் காயவிடுங்கள். காய்ந்த பிறகே பசை. ஈரப் பட்டையை ஒட்டினால் அது காயும்போது அகலத்தில் சுருங்கி, மறுநாள் ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே கோடு விடும். மழைக்காலத்தில் ஒரு நாள் கூடுதலாகவே விடுங்கள்.

வலப்பக்கம் ஒரு பட்டை ஒட்டினால் அடுத்தது இடப்பக்கம். ஒரே பக்கம் நான்கைந்து வரிசை ஏற்றினால் இழுவையில் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளும். முதல் அடுக்கு முடிந்ததும் 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, பள்ளங்களில் மக்கு (புட்டி) பூசி, காய்ந்தபின் 240-ஆல் இழையுங்கள். இரண்டாம் அடுக்கை இந்த வழுவழுப்பின் மேல் ஒட்ட வேண்டும். அதில் மக்கு கூடாது. நிறம் வேறாகத் தெரியும்.

பீரங்கிச் சன்னல்களைத் தண்ணீர்க்கோட்டுக்கு இணையாக வரிசைப்படுத்துவது வழக்கமான பிழை. பீரங்கிகள் நிற்பது தளத்தின் மேல். தளமோ முன்னும் பின்னும் மேல்நோக்கி வளைகிறது. ஆகவே சன்னல்களும் அந்த வளைவோடுதான் ஓடும். ஆனால் ஒவ்வொரு சன்னலின் இருபக்கச் சட்டமும் செங்குத்தாக நிற்கும். பெரிய பீரங்கிகள் 28, அதாவது பக்கத்துக்கு 14.

தளம்

24 அடிப் பலகை 1:64-இல் 114 மி.மீ. அந்த நீளத்துக்குப் பட்டைகளை வெட்டி, அடுத்தடுத்த வரிசைகளில் இணைப்பைக் கால்பங்கு தள்ளித் தள்ளி வையுங்கள். ஐந்தாவது வரிசையில் இணைப்பு முதல் வரிசைக்கு நேராக வரும். பலகைகளுக்கு நடுவே அடைத்த தாரைக் காட்டும் கோட்டுக்கு ஒவ்வொரு பட்டையின் ஒரு ஓரத்தில் மட்டும் 2பி பென்சில் போதும். இரண்டு ஓரத்திலும் தீட்டினாலோ கறுப்புக் காகிதம் செருகினாலோ கோடு தடித்து, தளம் கோடு போட்ட நோட்டுப் புத்தகமாகிவிடும்.

செம்புத் தகடு

கப்பற்புழுவிடமிருந்து காக்க அடிப்பாகத்துக்குச் செம்புத் தகடு அடித்தார்கள். ஒரு தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 64-ஆல் வகுத்தால் 19 × 5.56 மி.மீ. வண்ணக் கண்ணாடி (ஸ்டெயின்ட் கிளாஸ்) வேலைக்கு விற்கும் 7/32 அங்குலச் செம்பு டேப் சரியாக இதே அகலம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 800 துண்டுகள் வரும், இரண்டு பக்கத்துக்கும் 30 மீட்டருக்கு மேல். 33 மீட்டர்ச் சுருள் ஒன்று கணக்குக்குப் போதும் என்று தோன்றும். வீணாவதையும் சேர்த்தால் போதாது. இரண்டு சுருள்களையும் ஒரே சமயத்தில் வாங்குங்கள், தொகுப்பு மாறினால் நிறம் மாறும்.

தண்ணீர்க்கோட்டை முதலில் குறியுங்கள். இவ்வகைக் கப்பல்கள் பின்புறம் சற்று ஆழமாக அமிழ்ந்து மிதந்தன. எனவே கோடு அடிக்கட்டைக்கு இணையாக இருக்காது. பிளானில் முன், பின் ஆழங்களைப் பார்த்துக் கப்பலை அந்தச் சாய்வில் நிறுத்தி, ஒரே உயரத்தில் கட்டிய பென்சிலைச் சுற்றி நகர்த்திக் கோடு போடுங்கள். தகடுகளை அடிக்கட்டையின் பின்முனையில் தொடங்கி முன்னோக்கி ஒட்டுங்கள். முன்தகடு பின்தகட்டின் விளிம்பின் மேல் அரை மி.மீ. ஏற வேண்டும். அப்போதுதான் ஓடும் நீர் விளிம்பைத் தூக்காது.

ஆணித் தடங்களைப் பற்றி ஒரு கண்டிப்பு. அசலில் ஆணித்தலைகள் தகட்டோடு சமமாக அடிக்கப்பட்டவை. மாதிரிகளில் அவை கொப்புளங்களாகப் புடைத்து நிற்பது கடையில் விற்கும் அச்சுத் தகடுகளால் வந்த வழக்கம். 1:64-இல் ஒன்றுமே போடாமல் விடுவது அதைவிட உண்மைக்கு அருகில் இருக்கும். வேண்டுமென்றால் பின்பக்கம் அழுத்தாமல் முன்பக்கத்தில் ஊசி முனையால் தொட்டுவிடுங்கள்.

பருத்திக் கையுறை இல்லாமல் செம்பைத் தொட்டால் சில நாளில் விரல்ரேகை கறுக்கும். கறுத்தால் புளிக்கரைசலில் நனைத்துப் பிழிந்த பஞ்சு போதும். ஆனால் உடனே தண்ணீர்ப் பஞ்சால் இரண்டு முறை துடைத்து உலர்த்துங்கள், புளிப்பு தங்கினால் ஓரங்களில் பச்சை பூக்கும். செம்பின் மேல் வார்னிஷ் வேண்டாம். ஒரு வருடத்தில் அது தானாகவே பழுப்பேறும், அந்த நிறமே அழகு.

அலங்காரம்

மிகப் பெரிய முதல் ரகப் போர்க்கப்பல்களைப் போல ஃபிரிகேட்டுகளில் சிற்பம் குவிந்திருக்காது. முகப்புச் சிலை, அதன் கீழே சுருள் வளைவுகள், பின்முகத்தின் மேல் விளிம்பு, பக்க மாடங்களின் பூவேலை, அவ்வளவுதான். குறைவாக இருப்பதாலேயே ஒவ்வொன்றும் துல்லியமாக வேண்டும்.

டிரிங்கோமாலியின் முகப்புச் சிலை தலைப்பாகை கட்டிய ஓர் ஆணின் மார்பளவு உருவம். மாதிரியில் ஏறக்குறைய 30 மி.மீ. வெட்பாலைக் கட்டையின் ரேகை மேலிருந்து கீழாக ஓடும்படி எடுத்து, முன்தோற்றம் பக்கத்தோற்றம் இரண்டையும் இரண்டு முகங்களில் ஒட்டி, ஃபிரெட் ரம்பத்தால் இருபுறமும் அறுங்கள். அறுத்த துண்டை மீண்டும் டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் இரண்டாம் முகத்தை அறுக்க முடியும். அதன்பின் பெரிய பரப்புகள்: தலைப்பாகை, முகம், தோள். கண்ணும் மீசையும் கடைசி. கட்டையை அடிப்பாகத்தில் 3 செ.மீ. நீளம் விட்டே செதுக்கி, முடித்தபின் அறுத்தெடுங்கள். பிடிக்க இடமில்லாமல் மூக்கை உடைத்தவர்கள் ஏராளம். சிறு உளிகளுக்குத் தடித்த தையல் ஊசிகளைத் தட்டையாகத் தீட்டிப் பிடி போட்டுக்கொள்ளலாம். செதுக்கக் கை வராவிட்டால் இருகலவை எபாக்சி மக்கில் உருவாக்கிப் பெயின்ட் அடிப்பதும் தவறில்லை.

பின்முக விளிம்பின் பூவேலையைத் தனியாக 1.5 மி.மீ. பலகையில் செதுக்கி ஒட்டுங்கள். பின்முகம் இடவலமாகவும் மேல்கீழாகவும் வளைந்தது. தட்டையாகச் செதுக்கிய பலகை அதில் உட்காராது. செதுக்குவதற்கு முன்பே பலகையை நனைத்து அந்த வளைவில் கட்டிக் காயவைத்துவிடுங்கள். சன்னல் கண்ணாடிக்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டி, பின்பக்கம் அடர்நீலச் சாம்பல் பூசினால் உள்ளே ஆழம் இருப்பதுபோல் தெரியும்.

தங்க ரேக்கை இங்கே அடக்கி வாசியுங்கள். இந்தக் காலத்து ஃபிரிகேட்டில் தங்கத்துக்குப் பதில் பெரும்பாலும் மஞ்சள் பெயின்ட்தான். நிறங்களைப் பொறுத்தவரை கறுப்பு உடல், பீரங்கி வரிசையில் ஒரு பட்டை. பட்டை மஞ்சளா வெள்ளையா என்பது காலத்தைப் பொறுத்தது. 1815-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மஞ்சளை வெள்ளை மெல்ல இடம்பெயர்த்தது. இன்றைய கப்பலில் வெள்ளை. மஞ்சள் என்றால் டப்பாவிலிருந்து எடுத்த பளிச் மஞ்சள் அல்ல. போர்ட்ஸ்மத்திலுள்ள விக்டரி கப்பலின் பழைய பெயின்ட் அடுக்குகளை ஆராய்ந்து 2015-இல் மறுபடி பெயின்ட் அடித்தபோது, அது இளஞ்சிவப்புச் சாயல் கலந்த வெளிர் நிறமாகவே வந்தது. காவி கலந்த, வெளுத்த மஞ்சளாக வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பிலும் பத்தில் ஒரு பங்கு சாம்பல் கலக்க வேண்டும். தொலைவிலிருந்து பார்க்கும் பொருளில் முழுக் கறுப்பு இருப்பதில்லை.

அக்ரிலிக் பெயின்ட்டைப் பாலளவு நீர்க்கச் செய்து ஐந்து மெல்லிய பூச்சுகள். பட்டையின் ஓரத்தில் டேப் ஒட்டியதும் நேராக இரண்டாம் நிறத்தை அடிக்காதீர்கள். முதலில் அடிநிறத்தையே டேப் ஓரத்தில் ஒரு முறை பூசுங்கள். கசிவது அடிநிறமாகவே இருக்கும், டேப்பை உரித்தால் கோடு கத்தி வைத்ததுபோல் வரும்.

பித்தளைப் பீரங்கிகளைப் பெயின்ட் அடிப்பதைவிடக் கறுப்பேற்றும் திரவத்தில் போடுவது மேல். அசிட்டோனில் எண்ணெய் நீக்கி, பாதிக்குப் பாதி நீர் கலந்த திரவத்தில் போட்டு, அவ்வப்போது எடுத்துத் துடைத்துத் திரும்பப் போடுங்கள். அடர் திரவத்தில் ஒரேயடியாகப் போட்டால் கறுப்பு பொடியாக உதிரும். 8 அடிப் பீரங்கி 38 மி.மீ. இருக்கும், கடையில் வாங்கிய மாதிரித் தொகுப்பில் (கிட்) வருவது 45 மி.மீ. என்றால் மாற்றிவிடுங்கள்.

பாய்மரமும் கயிறும்

மரத்தண்டை டிரில்லில் சுற்றித் தேய்த்துக் கூர்மையாக்கினால் நடுவில் மெலிந்துவிடும். சதுரக் கட்டையில் தொடங்குங்கள்: முகத்தை 24 பாகமாகக் கொண்டு 7, 10, 7 என்று கோடு போட்டு மூலைகளைச் சீவினால் சரியான எண்கோணம். அதிலிருந்து பதினாறு, பிறகு வட்டம். கப்பிகளையெல்லாம் பாய்மரத்தை நடுவதற்கு முன்பே மேசையில் வைத்துக் கட்டிவிடுங்கள்.

கயிறுக் கணக்கில்தான் மிகப் பெரிய பிழை நடக்கிறது. ஆங்கிலேயக் கடற்படை கயிற்றை விட்டத்தால் அல்ல, சுற்றளவால் குறித்தது. 16 அங்குலக் கயிறு என்றால் விட்டம் 5.1 அங்குலம், 1:64-இல் 2 மி.மீ. 9 அங்குலக் கயிறு 1.1 மி.மீ. சுற்றளவை விட்டமாக எடுத்தால் கயிறு மூன்று மடங்கு தடித்துவிடும். தார் பூசிய நிலைக்கயிறுகள் அடர்பழுப்பு, ஓடும் கயிறுகள் வெளிர்பழுப்பு. பாலியஸ்டர் நூல் ஈரப்பதத்தில் அதிகம் அசையாது. பருத்தி நூல் பருவத்துக்குப் பருவம் தளரும், இறுகும்.

பாய்மரத்தைப் பக்கவாட்டில் தாங்கும் பக்கக் கயிறுகளை வலம், இடம் என்று மாற்றி மாற்றி ஏற்றுங்கள், அதன் பிறகே முன்கயிறு. இந்தக் கயிறுகளை இறுக்கிக் கட்டும் மூன்று துளை வட்டக் கட்டைகளில், கீழ்க்கட்டையின் ஒற்றைத் துளை கீழேயும் மேல்கட்டையின் ஒற்றைத் துளை மேலேயும் வர வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி ஒன்றுபோல் இருக்க, வளைத்த கம்பி ஒன்றை அளவுகோலாகத் துளைகளில் மாட்டிவிட்டுக் கட்டுங்கள். ஏணிக் கயிற்றின் படிகள் 13 அங்குலத்துக்கு ஒன்று, அதாவது 5.2 மி.மீ. கோடு போட்ட அட்டையைப் பின்னால் செருகி, நடுக் கயிற்றிலிருந்து ஓரத்துக்கு முடிச்சுப் போடுங்கள். இழுத்துக் கட்டினால் பக்கக் கயிறுகள் இடுப்பு ஒடுங்கிய உடுக்கையாகிவிடும். ஒவ்வொரு நான்கு படிக்கும் ஒரு முறை விலகி நின்று பாருங்கள்.

கண்ணாடிப் பெட்டி

பெட்டி இல்லாத கப்பலில் ஒரே வருடத்தில் தூசியும் எண்ணெய்ப் படலமும் கயிற்றோடு ஒட்டிக்கொள்ளும், துடைக்கவும் முடியாது. ஆனால் காற்றுப் புகாத பெட்டியும் ஆபத்து. புது மரமும் பசையும் வெளிவிடும் அசிட்டிக் அமில ஆவி உள்ளேயே தங்கினால் ஈய வார்ப்புகள் வெள்ளைப் பொடியாக உதிர்ந்துபோகும். அருங்காட்சியக மாதிரிகளிலேயே இது நடந்திருக்கிறது. நங்கூரம், சிறு உருவங்கள் எதிலும் ஈயக் கலவை வேண்டாம், பித்தளையோ மரமோ போடுங்கள். பெட்டிக்கு ஓக் மரம் தவிர்த்து, அடிப்பலகையில் எதிரெதிரே இரண்டு 10 மி.மீ. துளைகள் இட்டு, பூச்சி நுழையாமல் நுண்ணிய பித்தளை வலை ஒட்டுங்கள். வெயில் நேராக விழும் சன்னலோரமும் ஏ.சி. காற்று அடிக்கும் சுவரும் வேண்டாம்.